பத்துமலை மிதிக்க வேண்டிய கொக்குகள்

‘கொக்கின் நிழல்’ நல்ல படமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது எல்லாருக்கும் வசதி. ஓவிய உலகத்தின் பேராசையைப் பற்றிய குற்றப் படம் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். படத்தில் வருகிறவர்கள் எல்லாரும் பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட இருட்டில் நின்று பேசுகிறார்கள். ஈப்போவில் அவ்வளவு இருட்டுக் கிடைக்காது. ஓர் ஓவியத்துக்காக மூன்று பேர் சாகிறார்கள். மூவரும் ஏன் சாகும்வரை காத்திருந்தார்கள் என்பது புரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய நான்கு வினாடி மட்டும் உண்மையாக இருந்தது. அந்த நான்கு வினாடி பத்துமலையுடையது.

பத்துமலைக்கு ஐம்பத்து நான்கு வயது. செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அந்தத் தோட்டத்தை அழித்து வரிசை வீடுகளாகத் தாமான் கட்டினார்கள். இப்போது அதே நிலத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்துகொண்டு, ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். இதில் ஏதோ ஆழமான அர்த்தம் இருப்பதுபோலத் தோன்றும். இல்லை. சம்பளமும் வருடத்துக்குப் பதினாறு நாள் விடுப்பும் இருக்கின்றன.

தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். ஸ்டோரிலிருந்து எதை எடுத்தாலும் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் போடுவதில்லை. எடுத்துக்கொண்டு, “அண்ணே, நீங்களே போட்டுருங்க” என்று போய்விடுவார்கள். அவரும் போட்டுவிடுவார். சுங்கச்சாவடியில் கார்டைத் தொட்டதும் தடுப்புக்கட்டை எழும்பினால் அதற்கு நன்றி சொல்வார். யாராவது எண்ணை மாற்றி அழுத்தி அவருக்குப் போன் செய்துவிட்டால், தவறான எண் என்று சொல்வதற்கு முன் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார். ஐம்பத்து நான்கு வருடத்தில் யாரும் அவருக்குப் பயந்ததில்லை. நாய்கூடக் குரைத்ததில்லை. இது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது. எவ்வளவு பெரிய குறை என்பது இயக்குநர் ஹரிஷாந் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஈப்போவில் ஒரு தபால் நிலையம். பத்துமலை எண்சீட்டு எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு வந்ததால், மேலே ஓடும் எண்ணைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினார். அடர்ந்த புருவமும், சின்ன வயதில் சைக்கிளோடு வடிகாலில் விழுந்த தழும்பும் சேர்ந்து, அந்தச் சுருக்கத்தில் அவர் முகம் வேறு ஒருவர் முகமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற முப்பது வயதுக்காரர் அவர் தோளைத் தொட்டார்.

“அண்ணே, நடிப்பீங்களா?”

“என் நம்பர் கூப்டாங்களா தம்பி?”

“இல்லண்ணே. நான் ஹரிஷாந். ஊரு தைப்பிங். படம் எடுக்கிறேன். கொலைகாரன் வேஷம் ஒண்ணு இருக்கு.”

பத்துமலை சற்று யோசித்தார். “எத்தன பேர கொல்லணும்?”

“மூணு பேரு.”

“எத்தன நாளு லீவு எடுக்கணும்?”

“ஒன்பது நாள்.”

ஆளுக்கு மூன்று நாள் என்பது அவருக்கு நியாயமாகப் பட்டது. ஒத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி புனிதா மீன் கழுவிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் தண்ணீர்க் குழாயை மூடினார்.

“நீங்க வில்லனா? பொறியில மாட்டுன எலிய, வெளிய மழையா இருக்குன்னு மறுநாளு கொண்டுபோயி விட்டவரு நீங்க.”

“அது எலி. இது நடிப்பு.”

“எலிக்கு பிஸ்கோத்து வேற குடுத்தீங்க.”

புனிதாவின் தம்பி யுகேந்திரன் அதைவிட அதிகம் சிரித்தார். கோப்பெங்கில் பழைய கார் விற்கிறவர். பார்ட்டியில் பாடுவார், எதற்கும் முன்னால் போய் நிற்பார். “மச்சான், என் மூஞ்சில இல்லாதது ஒங்க மூஞ்சில என்னா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, படப்பிடிப்புக்குத் தினமும் தானே வேனில் கூட்டிப் போவதாகவும் சொன்னார். கண்ணாடி இல்லாமல் நடிக்கப்போகிறவரைத் தனியாக அனுப்ப முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இயக்குநர் கண்ணில் படலாம் என்பது சொல்லாத காரணம்.

பத்துமலை தன் தாமான்காரர்களின் வாட்சாப் குழுவில் ஒரே வரி எழுதினார்: “வில்லனாக நடிக்கிறேன், அனைவரும் ஆதரவு தரவும்.” நாற்பத்தொரு பேர் சிரித்த முகம் அனுப்பினார்கள். அன்று இரவு சாப்பிடும்போது அவர் புனிதாவிடம் சொன்னார்: “ஒரே ஒரு ஆளாச்சும் பயப்படணும் புள்ள. ஒரு ஆளு போதும்.”

படத்தில் அவர் பெயர் டத்தோ வைரவன். டத்தோ பட்டம் வாங்கியவர், ஈப்போவில் பெரிய ஓவியச் சேகரிப்பாளர். ஈயம் தோண்டிய பழைய குட்டையில் மூன்று கொக்குகள் நிற்கும் ஓவியம் ஒன்று. எட்டு மில்லியன் மதிப்பு. அதை அடைவதற்காக வரைந்தவரை, ஓவியக் கூடம் வைத்திருந்தவரை, கடைசியில் தன் சொந்த வழக்கறிஞரைக் கொல்கிறார். பிறகு அந்த ஓவியம் போலி என்று தெரிகிறது. சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் எறிந்து மிதிக்கிறார். போலீஸ் வருகிறது. அவ்வளவுதான்.

கொலைகள் சிரமமில்லாமல் முடிந்தன. வழக்கறிஞரின் கழுத்தை நெரிக்கும்போது பத்துமலை நடுவில் “வலிக்குதுங்களா?” என்று கேட்டார். ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஹரிஷாந் விட்டுவிட்டார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது யுகேந்திரனே ஒருமுறை எச்சில் விழுங்கினார். ஆனால் வெளியில் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மிதி.

கோப்பெங்குக்கு வெளியே ஒரு பழைய தொரை பங்களா. மாலை நான்கு மணிவரைதான் அனுமதி. ஈப்போவில் ஓவியம் படிக்கும் மாணவர்களை வைத்து ஒரே மாதிரி ஆறு கொக்கு ஓவியங்கள் வரைந்து வைத்திருந்தார்கள். ஒருமுறை சப்பாத்துக் கால் பட்டால் தடம் விழுந்துவிடும், அதை மறுபடி பயன்படுத்த முடியாது. உதவி இயக்குநர் மாதுமை ஆறையும் ஒரு கட்டிலில் படுக்கவைத்து, ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டியிருந்தார்.

“அண்ணே, இந்த மிதிதான் படம்” என்றார் ஹரிஷாந். “இது இல்லன்னா வில்லனே இல்ல. விட்டுடாதீங்க.”

“அதெல்லாம் மிதிச்சிரலாம் தம்பி.”

வெறும் தரையில் ஒத்திகை பார்த்தார்கள். பத்துமலை தரையை மிதித்த மிதியில் ஒரு பல்லி சுவரைவிட்டு விழுந்தது. எல்லாருக்கும் திருப்தி. கேமரா ஓடியது. அவர் ஓவியத்தைப் பிடுங்கினார், எறிந்தார், கண்ணைச் சுருக்கினார், மிதித்தார்.

ஹரிஷாந் “கட்” சொல்லிக் கைதட்டப் போனார். விளக்குக்காரர் ஆ கியோங்தான் முதலில் கேட்டார்: “அண்ணே, ஏன் கீழ தொட்டு கும்புடுறீங்க?”

“யாரு? நானா?”

திரையில் போட்டுக் காட்டினார்கள். டத்தோ வைரவன் எட்டு மில்லியன் ஓவியத்தின் மேல் காலை இறக்குகிறார். கால் பட்ட அதே நொடியில் வலது கை கீழே போகிறது, ஓவியத்தைத் தொடுகிறது, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறது. மிதியைவிட அது வேகமாக இருந்தது. பத்துமலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டுமுறை பார்த்தார். வேறு யாரோ செய்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தெரியாம பட்டுச்சின்னா தொட்டுக்கிறதில்லையா, அந்த மாதிரி…”

“இது தெரிஞ்சே மிதிக்கிறதுண்ணே.”

“ஆமா. தெரிஞ்சே மிதிக்கிறது இன்னும் தப்பில்லையா?”

ஹரிஷாந் அடுத்த ஓவியத்தைக் கொண்டுவரச் சொன்னார். நியாயமான கேள்விகளுக்கு அப்படித்தான் ஆகிறது.

இரண்டாவது ஓவியம். கையில் ஏதாவது இருந்தால் கீழே போகாது என்று மாதுமை யோசனை சொல்லி, வலது கையில் விஸ்கிக் கோப்பை கொடுத்தார், உள்ளே தேத்தண்ணி. பத்துமலை மிதித்தார். கோப்பையை இடது கைக்கு மாற்றினார். ஒரு சொட்டும் சிந்தாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

மூன்றாவது. இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள். “வெளிய எடுக்கவே கூடாதுண்ணே.” அவர் எடுக்கவில்லை. மிதித்ததும் பைக்குள் கை, சாக்கில் போட்ட கோழி மாதிரித் துடித்தது. கை வர முடியாததால் தலை இறங்கியது. தலையைத் தொடர்ந்து உடம்பும் இறங்கி, டத்தோ வைரவன் மூன்று கொக்குகளின் மேல் முகம் குப்புற விழுந்தார். ஒரு கொக்கு கிழிந்தது.

அவரை எழுப்பி உட்காரவைத்தார்கள். பணிவு மனத்தில் இருப்பதாகத்தான் நினைக்கிறோம், மனத்தைத் திருத்தினால் மனிதன் திருந்துவான் என்றும் நம்புகிறோம். பத்துமலையின் மனம் அன்று முழுக்க வில்லனாகவே இருந்தது. கைதான் ஒத்துழைக்கவில்லை.

“தம்பி” என்றார் யுகேந்திரன், இதற்காகவே ஒன்பது நாள் வேன் ஓட்டியவர்போல. “மூஞ்சி அவரு மூஞ்சியா இருக்கட்டும். காலு மட்டும் கிட்டக்கப் போயி எடுக்கிறதுதானே. என் காலு இருக்கு லா.”

ஹரிஷாந் பத்துமலையைப் பார்த்தார். பத்துமலை தன் சப்பாத்தைப் பார்த்தார். இனி வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு தீபாவளிக்கும், “மூஞ்சி மச்சானோடது, வில்லன் நான்தான்” என்று யுகேந்திரன் சொல்லப்போவது அவருக்குத் தெரிந்தது. இருந்தாலும் கழற்றிக் கொடுத்தார். வாரை நன்றாக இறுக்கிக்கொள்ளும்படியும் சொன்னார்.

நான்காவது ஓவியம். “ஒரு மிதி. அதுக்கு ஆறு படமாம்” என்று சொல்லிக்கொண்டே யுகேந்திரன் காலைத் தூக்கினார். கரப்பான்பூச்சியை அடிப்பதுபோல ஒரே மிதி. பிறகு பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது கை அவருடைய கண்ணில் இருந்தது.

“தூசி” என்றார் யுகேந்திரன்.

“ரெண்டு கண்ணுலயுமா?” என்று மாதுமை கேட்டார்.

“பழைய பங்களா லா. தூசி இருக்கும்.”

பத்துமலை எழுந்து போனார். மச்சானுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அது அன்று அங்கே நடந்ததிலேயே கொடுமையான காரியம். அவருக்குத் தெரியாமலே செய்தார்.

மணி இரண்டே முக்கால். ஹரிஷாந் சுற்றிலும் பார்த்தார். தமிழர் அல்லாத கால் ஒன்றுதான் அங்கே இருந்தது.

“ஆ கியோங், நீ மிதி.”

“என் காலு பெருசு, பாஸ்.”

“மடக்கிக்கிட்டு மிதி.”

ஆ கியோங் விரல்களை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சப்பாத்தில் காலை நுழைத்தார். ஐந்தாவது ஓவியத்தின் முன்னால் நின்று மூச்சை இழுத்து மிதித்தார். மிதித்தவர் குனிந்தார். தொட்டார். ஒற்றினார். நிமிர்ந்து, அவரே முதலில் சிரித்தார்.

“நீயுமாடா?” என்றார் ஹரிஷாந்.

“செமோர்ல தமிழ்ப் பள்ளிதான் பாஸ் நானு. ஆறு வருஷம். புக்கு மேல காலு பட்டா டீச்சர் ரோத்தான் எடுப்பாங்க. ஒரு தடவ அடி வாங்கினேன், நாப்பது வருஷமா கும்புடுறேன்.”

மிச்சம் ஒரே ஓவியம். “நானே மிதிக்கிறேன்” என்று ஹரிஷாந் எழுந்தார். சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆறாவது ஓவியத்தைத் தரையில் வைத்தார்கள். அதுதான் ஆறிலும் நன்றாக வரையப்பட்டது. நடுக்கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஏதோ கேட்க வந்ததுபோல நின்றது. ஹரிஷாந் காலைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காலை ஓரமாக இறக்கி, “லூசா இருக்கு” என்று சப்பாத்தைக் கழற்றினார். அது அவருக்குச் சரியாகவே பொருந்தியிருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கதைத் தாளைப் புரட்டினார். “சரி, மாத்திடலாம். படம் போலின்னு தெரிஞ்சதும் டத்தோ மனசு ஒடைஞ்சிடுறாரு. அத மடியில வச்சிக்கிட்டு அழுவுறாரு. மாதுமை, கிளிசரின் எடு.”

மாதுமை சின்னப் போத்தலோடு வந்தார். பத்துமலை அந்தப் போத்தலைப் பார்த்தார். மூன்று பேரைக் கொன்றுவிட்டுக் கடைசியில் அழ வேண்டும். திரையரங்கில் தாமானே உட்கார்ந்து, பாவம் நல்ல மனுசன் என்று சொல்லும். அதை அவர் ஐம்பத்து நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

“தம்பி, அழுவ வேணாம்” என்றார்.

“வேற வழி இல்லண்ணே. ஒரு படம்தான் இருக்கு.”

“எத்தன மிதி வேணும் ஒங்களுக்கு?”

“அண்ணே…”

“எத்தன, சொல்லுங்க.”

“மூணு.”

பத்துமலை சப்பாத்தைப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு ஓவியத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஆடப்போகிற பெண்பிள்ளைகள் ஆடுவதற்கு முன்னால் பூமியைத் தொட்டுக்கொள்வார்களே, அதுபோல ஓவியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடி தொட்டார், ஒற்றினார். மூன்றாவது முறையும். பிறகு அதனிடம் ஏதோ மெதுவாகப் பேசினார். பக்கத்தில் நின்ற ஆ கியோங்குக்கு மட்டும் கேட்டது: “கோவிச்சிக்காத. வேலை. மூணே மூணு.”

எழுந்தார். சப்பாத்தை மாட்டினார். கண்ணாடியைக் கழற்றி மாதுமையிடம் கொடுத்தார்.

“மன்னிப்பு முன்கூட்டியே கேட்டாச்சு தம்பி. இப்ப எடுங்க.”

கேமரா ஓடியது. டத்தோ வைரவன் ஓவியத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைந்தார். கண்ணைச் சுருக்கினார். மிதித்தார். கை அசையவில்லை. இரண்டாவது மிதியில் சட்டம் பிளந்தது. கை அசையவில்லை. மூன்றாவது மிதியில் ஐம்பத்து நான்கு வருடமும் இருந்தது. யுகேந்திரன் தன்னை அறியாமல் சுவரோடு ஒட்டினார்.

ஹரிஷாந்துக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. அவர் எடுத்துக்கொண்டிருந்ததே அதைப் பற்றிய படம்தான், ஆனாலும் அவருக்கு அது தெரியவில்லை. “இன்னொண்ணுண்ணே” என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து. “இன்னொண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

பத்துமலை காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. அவர் முகம் கீழே எதையோ தேடியது. தாடை இறுகியது. மிதிக்கப்போகிறார், மிதிக்கப்போகிறார் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்திருந்தபோது, அந்தக் கால் மெதுவாக நகர்ந்து, ஓவியத்தில் படாமல், ஒரு முழம் தள்ளி இறங்கியது.

“கட்.” ஹரிஷாந் ஓடிவந்தார். “ஏண்ணே நிறுத்துனீங்க?”

“மூணுக்குத்தானே கேட்டேன்” என்றார் பத்துமலை. “நாலு வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி.”

நான்கு மணிக்குப் பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். எடுத்தது எடுத்ததுதான். வேறு வழியில்லாமல் ஹரிஷாந் அந்தக் காட்சியை முழுதாக, தூக்கிய காலோடு சேர்த்துப் படத்தில் வைத்தார். படத்தில் அவர் செய்த மற்ற தேர்வுகளைப் பார்க்கும்போது, வேறு வழி இருந்திருந்தால் இதையும் கெடுத்திருப்பார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஈப்போவில் படம் ஐந்து நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் பத்துமலை புனிதாவோடும் யுகேந்திரனோடும் போனார். அரங்கில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். வழக்கறிஞர் சாகும்போது சிலர் சிரித்தார்கள். போன் வெளிச்சங்கள் தெரிந்தன. பத்துமலை இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனார்.

பிறகு பங்களா வந்தது. முதல் மிதி. போன்கள் அணைந்தன. இரண்டாவது. மூன்றாவது. டத்தோ வைரவன் நான்காவது முறை காலைத் தூக்கி நிறுத்தினார். என்ன செய்யப்போகிறார் என்று தெரியாத அந்த நான்கு வினாடியில் அரங்கில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் இருந்தது. சரியாகப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நடுங்கிய குரலில், “வேணாம் லா… போதும் லா…” என்றார்.

பத்துமலையால் பொறுக்க முடியவில்லை. சரிந்திருந்த கண்ணாடிக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கித் திரும்பினார். “பயப்படாதீங்கம்மா” என்றார். “அதுக்கு மேல மிதிக்க மாட்டேன்.”

திரையில் இருந்த முகம் இருட்டில் தனக்கு அரையடி தூரத்தில் திரும்பிப் பேசுவதைக் கண்ட அந்தப் பெண் வீல் என்று ஒரு சத்தம் போட்டு, பாப்கார்னை அப்படியே போட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் ஓடினார்.

“பாவம் புள்ள, நான் போயி ஒரு வார்த்த மன்னிப்பு…” என்று பத்துமலை எழப்போனார். புனிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“சும்மா இருங்க. இன்னும் கிட்ட போனீங்கன்னா அந்தப் பொண்ணுக்கு மயக்கமே வந்துரும்.”

அவர் உட்கார்ந்தார். திரையில் போலீஸார் வந்து டத்தோ வைரவனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எத்தன வரிச தள்ளி போயி உக்காந்தாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

புனிதா திரும்பிப் பார்த்தார். “நாலு. இல்ல, அஞ்சு. கடைசி வரிசைக்கே போயிட்டாங்க.”

பத்துமலை நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தான் கைதாவதைப் பார்க்கத் தொடங்கினார்.